நடத்தை: சற்றிஸ்பெக்டரி

ஒரு ஆளை ஒரே சொல்லில் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிடலாம் என்று முதன்முதலில் நினைத்தவன் எவனோ, அவன் மட்டும் என் கையில் அகப்பட்டால் அவனைப் பற்றி நான் நாலு தாள் எழுதுவேன். இரண்டு பக்கமும் எழுதுவேன். ஓரத்திலும் எழுதுவேன்.

எனக்குக் கிடைத்த சொல் ‘சற்றிஸ்பெக்டரி’. பள்ளிக்கூடம் விட்டபோது தந்த விடுகைப் பத்திரத்தில் ‘நடத்தை’ என்று அச்சடித்து, அதற்கு நேரே புள்ளி புள்ளியாக விட்டிருந்த இடத்தில், எங்கள் பள்ளிக்கூட அதிபர் நீல மையில் சாய்த்து எழுதிவைத்த சொல். அந்த மனிதர் தமிழில் ஏசுவார், ஆங்கிலத்தில் எழுதுவார். ஏச்சு அன்றைக்கே முடிந்துவிடும். எழுத்துத்தான் கிடந்து அறுக்கும்.

பத்து வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன். கிணற்றில் விழுந்த வாளிக்கு நான்தான் இறங்கினேன். மீலாத் விழாவுக்குப் பந்தல் கட்ட நான்தான் தென்னையில் ஏறினேன். வாத்திமாரின் சைக்கிள்களுக்குக் காற்றும் அடித்திருக்கிறேன், காற்றைத் திறந்தும் விட்டிருக்கிறேன். நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கி, வாயைக் கட்டி, மேலே ஒரு சொல்லை ஒட்டிவிட்டார்கள்.

ஏழு வருஷமாக அந்தக் கடதாசி உம்மாவின் அலுமாரியில், கலியாணப் புடவைக்குக் கீழே கற்பூர உருண்டையோடு கிடந்தது. எனக்கு அதன் தேவையே வரவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் சைக்கிள் சாமான் கடையொன்றில் வேலை செய்தேன். செயின் மாட்ட யாரும் நடத்தைப் பத்திரம் கேட்பதில்லை. எழுபதுகளின் கடைசியில், எனக்கு இருபத்தைந்து வயதாகும்போது, ஒருவர் கேட்டார். மருதமுனையில் எட்டுத் தறி வைத்துச் சாறன் நெய்தவர். அவருடைய மகளைத்தான் நான் கட்ட ஆசைப்பட்டேன்.

அந்த ஆசை வந்த விதம் மரியாதையானதல்ல. ஒரு நாள் மருதமுனைக்கு டயர் கொண்டுபோனேன். அங்கே பாவு நூலை வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி காயவிடுவார்கள். நான் யாரோ ஒருவருக்கு ஸலாம் சொல்லிக்கொண்டே சைக்கிளை நேரே அதற்குள் விட்டுவிட்டேன். நூல் படபடவென்று அறுந்தது. வேலிக்குப் பின்னால் இருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“கண்ண வீட்ட வெச்சிட்டா வந்திரிக்கிங்க?”

“காணல்ல, தங்கச்சி.”

“ஒரு வீதிய மறிச்சிக் கட்டிக் கிடக்கு, காணல்லயாம். இரிங்க. அறுந்ததெல்லாத்தையும் ஒவ்வொண்டா முடிஞ்சிட்டுப் போங்க.”

அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை மணலில் குந்தியிருந்து நூல் முடிந்தேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் வேலிக்குப் பின்னால் இருந்து ஒரு குற்றம் வந்தது. எழும்பும்போது எனக்கு முதுகு நிமிரவில்லை. இந்தக் குரலிடம் ஆயுள் முழுக்க ஏச்சு வாங்கினால் என்ன என்று தோன்றியது. இதைவிடப் பெரிய காரணமெல்லாம் சொல்லிக் கலியாணம் முடித்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். என் காரணம் ஒன்றும் குறைந்ததில்லை.

சாச்சாவைப் பேச அனுப்பினேன். வாப்பாவின் தம்பி அவர். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டுக்காகக் கதைக்கிற ஆள். போனவர் வெற்றிலைச் சாறு சட்டையில் வடிய வந்தார்.

“ஆள் பரவாயில்ல, கதைக்கிறார். ஆனா ஒரு சட்டம் போடுறார்.”

“என்ன சட்டமாம்?”

“சாமானையும் பாக்கணுமாம், சாமான்ட கடதாசியையும் பாக்கணுமாம்.”

“என்ன சாமான்?”

“நீதான்டா.”

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார், அதில் போய் இவன் குடியிருப்பான். அந்த மனிதர் மகளுக்காகத் தன் வளவுக்குள்ளேயே கல்வீடு ஒன்று கட்டி ஓடும் போட்டுவிட்டார். காலையில் பல்லுத் தீட்ட வந்தால் மாமனார் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் குடியேற வருகிறவனை விசாரிக்கத்தான் செய்வார்கள். அது எனக்கு விளங்கியது. ஆனால் ஊரில் விசாரிக்காமல் கடதாசியில் விசாரிக்கிறாரே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். சற்றிஸ்பெக்டரி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது ‘திருப்தி’ சம்பந்தப்பட்ட சொல். அதிபருக்கு என்னில் திருப்தி. உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றா. நான் அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. புகழ்ச்சியை முழுசாக விளங்கி அனுபவிக்க வேண்டும் என்ற பேராசை.

சந்தியில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஒருகாலத்தில் ஆசுபத்திரியில் அப்போதிக்கரியாக இருந்தவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

“ஆருக்குப் போட்டிரிக்கி?” என்றார்.

“என்ட கூட்டாளி ஒருத்தனுக்கு.”

“ஆசுபத்திரியில இதத்தான் எழுதுற. நோயாளி இன்னும் மௌத்தாகல்ல எண்டா சற்றிஸ்பெக்டரி.”

“சுகமாகிட்டார் எண்டு இல்லயா?”

“சுகமானா வீட்ட அனுப்பிருவமே. கூட்டாளிய நல்லாப் பாத்துக்கங்க.”

கடையிலிருந்து நேரே வாசிகசாலைக்குப் போனேன். அங்கே முதுகு கிழிந்த ஒரு பெரிய அகராதி இருந்தது. அந்தச் சொல்லுக்கு நேரே அதன் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அடிக்குவேற்: போதுமானது. அக்செப்டபிள்: ஏற்றுக்கொள்ளக்கூடியது. பாசபிள்: ஒருமாதிரித் தேறக்கூடியது. ஒரு குடும்பத்தில் ஒருவனாவது உருப்படியாக இருக்க வேண்டாமா? எல்லாமே தோளைக் குலுக்கிக்கொண்டு நிற்கிற சொற்கள். அந்தச் சொற்களில் எதையும் எவனும் தன் பிள்ளையைப் பார்த்துச் சொல்ல மாட்டான். மாட்டைப் பார்த்துச் சொல்வான், அதுவும் மாட்டுக்காரன் இல்லாதபோது.

கடைசியாக நீதிமன்ற வாசலுக்கு, கோட்டடிக்குப் போனேன். அங்கே வேப்பமரத்துக்குக் கீழே தட்டெழுத்து மெசினோடு இருந்து பெட்டிசம் அடிக்கிறவர் என்னுடைய வாடிக்கையாளர். அவருக்கு ஆங்கிலச் சொற்களின் விலை தெரியும்.

“மேல இருந்து வாறன், கேளுங்க” என்று விரல் மடக்கினார். “எக்ஸலன்ட். மறுகா வெரி குட். மறுகா குட். அதுக்குக் கீழதான் உங்கட ஆள்.”

“அதுக்கும் கீழ?”

“அதுக்கும் கீழ பொலிஸ்.”

“அப்ப இது ஏச்சா?”

“ஏச்செண்டா நீங்க திருப்பி ஏசலாமே. இது கைய அழுக்காக்காம அடிக்கிற அடி. கேட்டா, நல்லதுதானே எழுதிரிக்கன் எண்டு சொல்லலாம்.”

அந்த மரத்தடியில்தான் எனக்கு முதல்முதலாகச் சரியான கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் பயம். எங்கள் ஊரில் ஒருவன் தங்கமான பிள்ளையாக இருப்பான், இல்லாவிட்டால் ஹராமியாக இருப்பான். இரண்டில் எது சொன்னாலும் சொன்னவன் யாரென்று தெரியும், போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இந்த ஆங்கிலம் அப்படியில்லை. நடுவில் தட்டுத் தட்டாகச் சொல் அடுக்கி வைத்திருக்கிறது. ஒருவனை எந்தத் தட்டில் வைத்தார்கள் என்பது அவனுக்கே ஏழு வருஷம் தெரியாமல் இருக்கும். பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையாகப் போகும்போது தெரியவரும்.

கோபப்பட்ட ஆள் அதிபர் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். போனேன். அவர் வீட்டு வாசலை இரண்டு தரம் சைக்கிளில் சுற்றினேன். மூன்றாம் தரம் அவர் வெளியே வந்து தொண்டையைச் செருமினார். நான் ஸலாம் சொல்லிவிட்டு மணியை அடித்துக்கொண்டு பறந்துவிட்டேன். இருபத்தைந்து வயது. மீசை இருந்தது. அந்தச் செருமலுக்கு முன் மீசையும் நானும் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டோம்.

அடுத்த மூன்று கிழமையும், இருபத்தொரு நாளும், தப்ப வழி தேடினேன். பத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கறையான் தின்கிற வீட்டுப் பையனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று அதைக் கைவிட்டேன். கடைசியில் ஒரு யுக்தி வந்தது. அந்தச் சொல்லின் மேல் தேத்தண்ணி கொட்டிவிட்டால்? பிளேன்டீ ஒன்றைக் கடும்சாயமாக ஊற்றிக்கொண்டு, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, கதவையும் சாத்திக்கொண்டு, துளித்துளியாகச் சாய்த்தேன். கோப்பை கவிழ்ந்தது. என் பெயர் கரைந்தது. பிறந்த திகதி கரைந்தது. கணக்கில் நான் எடுத்த நல்ல புள்ளி, என்னிடம் இருந்த ஒரேயொரு பெருமை, அதுவும் கரைந்தது. சற்றிஸ்பெக்டரி மட்டும் ஒரு சொட்டுப் படாமல், மழைக்கு ஒதுங்கி நிற்கிற வாத்தியாரைப் போலக் காய்ந்து நின்றது.

அந்தக் கடதாசியோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு சாச்சாவும் நானும் மருதமுனைக்குப் போனோம்.

பெண்ணின் வாப்பா கட்டை மனிதர். பெரிய பெரிய விரல்கள். பக்கத்துக் கதிரையில் பெண்ணின் காக்கா, அதாவது அண்ணன், இருந்தான். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர், லீவில் வந்திருந்தான். முழுக் காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை. உள்வாசலில் பூப்போட்ட திரை தொங்கியது. திரைக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள் தெரிந்தன. ஒன்று பெண்ணின் உம்மாவுடையது. மற்றச் சோடியை நான் பார்க்கவில்லை என்று சாச்சாவுக்குச் சத்தியம் பண்ணலாம். எனக்கு நானே பண்ண முடியாது.

மஸ்கட் அல்வா வந்தது. யாரும் தொடவில்லை. பெரியவர் கையை நீட்டினார். பத்திரத்தைக் கொடுத்தேன்.

அவர் அதை வாசிக்கவில்லை. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, சாறனில் இழை பார்க்கிற மாதிரிப் பார்த்தார். ஓரத்தைத் தடவினார்.

“கறை கிடக்கு.”

“தேத்தண்ணி, மாமா” என்றேன்.

“கறை எண்டா கறைதான். சாறன்ல இப்பிடிக் கிடந்தா நாங்க தள்ளிருவம்.”

“அவர் மாமா எண்டுறார், வாப்பா” என்றான் கிளாக்கர். “இன்னும் ஒண்டும் முடியல்ல, தம்பி.”

சாச்சா இருமினார். பெரியவரின் விரல் கடதாசியில் கீழே கீழே வந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதுதான் என்னுடைய ஒரே நம்பிக்கையாக இருந்தது. விரல் அந்தச் சொல்லில் வந்து நின்றது.

“சற்றிஸ்பெக்டரி” என்றார் அவர். எழுத்துக் கூட்டவில்லை. தன் பிள்ளையின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். முகம் விரிந்தது. “அது போதும். கறை கிடந்தாலும் காரியமில்ல.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளாக்கர் கதிரையில் முன்னுக்கு வந்தான்.

“என்ன சொல்றிங்க வாப்பா? அது கடைசித் தட்டுச் சொல்லு. இவருக்கு ‘குட்’ கூடப் போடல்ல.”

“நீ எனக்கிட்ட அந்தச் சொல்லக் கதைக்காத.”

“கந்தோர்ல நாங்க ஒருத்தன வெளிய அனுப்பக்குள்ளதான்...”

“உங்கட கந்தோரக் கொண்டுபோய்க் கடல்ல போடு” என்று எழும்பினார். மூலையில் அடுக்கியிருந்த சாறன் கட்டொன்றை இழுத்து என் காலடியில் போட்டார். கட்டின் மேல் குத்தியிருந்த நாவல் நிற முத்திரையில் அதே சொல் இருந்தது. “நெசவுச் சங்கத்துக்குத் துணி பாக்க வாறவர்ட கையில ரெண்டே ரெண்டு முத்திரைதான் இரிக்கி. ஒண்டு இது. மத்தது, தள்ளினது. இந்தச் சொல்லு விழுமட்டும் நான் வயிறு எரிய நிண்ட நாள் உனக்குத் தெரியுமா? பிற நாட்டுத் துணி வந்து கடையெல்லாம் குவியக்குள்ள இந்தச் சொல்லுதான் எங்கட சாறன வித்த. நீ தின்ட சோறு இதுல வந்த. இந்தக் காற்சட்டையும் இதுல வந்த. கடைசித் தட்டாமே.”

“சாறன் வேற, மனிசன் வேற, வாப்பா.”

“சாறன் சாயம் போனா ஊருக்கே தெரியும். மனிசன்ட சாயம் ஆருக்குத் தெரியும்? பேப்பர்ல பாஸ் எண்டா எனக்குப் பாஸ்தான்.”

“அவங்க ஏசி எழுதினத நீங்க மெடல் எண்டு தூக்கிப் பிடிக்கிங்க. நாளைக்கு ஊர் சிரிக்கும்.”

இரண்டு பேரும் என் தலைக்கு மேலால் சண்டை பிடித்தார்கள். ஒருவருக்கு நான் தள்ளவேண்டிய சாமான். மற்றவருக்கு நான் தேறிய சாமான். வென்றுகொண்டிருந்தது என் பக்கம். புத்தியுள்ளவன் மஸ்கட்டில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பான். எனக்கோ மூன்று கிழமையாக வயிற்றில் கிடந்த பயம் முழுவதும் அந்த நிமிஷம் புளித்துக் கோபமாகிவிட்டது. அதிபர் மேல் காட்டியிருக்க வேண்டிய கோபம். அவர் அங்கே இல்லை.

“கடதாசிய வெச்சிப்போட்டு என்னக் கேளுங்க” என்றேன். சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. “நான் இஞ்சதானே இரிக்கன். வாயும் இரிக்கி.”

சாச்சா என் தொடையைக் கிள்ளினார். பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“அப்ப சொல்லு. ஏன் இவன் கடைசித் தட்டு எண்டுறான்? நீ என்ன செஞ்ச?”

சொன்னேன். பத்தாம் வகுப்பில் ஒரு வியாழக்கிழமை, அதிபர் கடைக்குப் போயிருந்த நேரம், அவர் விளையாட்டுப் போட்டியில் அறிவித்தல் சொல்ல வைத்திருந்த தகரக் குழாயை எடுத்தேன். கந்தோருக்குப் பின்னால் நின்று, அவருடைய மூக்குக் குரலில், ‘பெரிய மழை வரப்போகுது, எல்லாரும் வீட்ட போங்க’ என்று கத்தினேன். கொளுத்துகிற வெயில். பள்ளிக்கூடம் முழுக்கக் காலியாகிவிட்டது. இரண்டு வாத்திமாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருவர் குடையும் விரித்திருந்தார். அதிபர் திரும்பி வரும்போது வெளியில் ஆடு மட்டும் நின்றது. ஆட்டோடு நானும் நின்றேன், சிரிப்பில் ஓட முடியாமல்.

“இதுதான். களவெடுக்கல்ல. ஒருத்தனுக்கும் கைநீட்டல்ல. இதுக்குத்தான் அந்தச் சொல்லு. அவர் ஏசியிருந்தா வாங்கியிருப்பன். அடிச்சும் இரிந்தார், அதையும் வாங்கினன். மறுகா ஏன் எழுதின?”

பெரியவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

“மழை வந்ததா?”

“இல்ல, மாமா.”

“ரெண்டு வாத்தியாரும் போனதா?”

“போன.”

அவர் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். திரை அசைந்தது. உம்மாவின் குரல், யாரோ உள்ளே இருந்து சொல்லிக் கொடுக்கக் கொடுக்க வந்தது.

“புள்ளைக்கு ஒரு கேள்வி இரிக்காம்.”

“என்ன கேள்வி?” என்றார் பெரியவர் எரிச்சலோடு. “அவ வேற கேள்வி கேக்கணுமா?”

“கலியாணம் முடிச்சாப் பொறகும் இவர் மத்த ஆக்கள்ட குரல்லதான் கதைப்பாரா எண்டு கேக்கா.”

மூன்று கிழமையில் ஒருவரும் கேட்காத கேள்வி. அப்போதிக்கரி கேட்கவில்லை, அகராதி கேட்கவில்லை. இதற்கு ஒரு நல்ல பகிடி என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பெரியவரின் குரலிலேயே பதில் சொன்னால் எப்படியிருக்கும் என்று. இன்றைக்கும் அதை நினைத்தால் வியர்க்கிறது. விழுங்கினேன்.

“என்ட குரல்லதான் கதைப்பன்” என்றேன். “ஏச்சு வாங்கக்குள்ளயும் என்ட குரல்லதான்.”

திரைக்குப் பின்னால் கிசுகிசுத்தார்கள். அது எவ்வளவு நேரம் நீண்டது என்று எனக்குத் தெரியாது. சாச்சா ஒரு வெற்றிலை முழுவதையும் மென்று முடித்தார்.

“செரியாம்” என்றது உம்மாவின் குரல்.

அவ்வளவுதான். செரியாம். பெரியவர் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். சாச்சா பாத்திஹா ஓத ஆயத்தமானார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. எல்லாருக்கும் ஸலாம் சொன்னதாகச் சாச்சா பிறகு சொன்னார். திரைக்கும் சொன்னேனாம். சாறன் கட்டில் கால் தடுக்கியதாம். வெளியே வந்து காலுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஏறவும் தெரியாமல் வாசல் படலைவரை போய்விட்டேன்.

பின்னால் கிளாக்கர் வெறுங்காலோடு மணலில் வந்துகொண்டிருந்தான். முகம் இன்னும் கடுப்பாகவே இருந்தது. இவன் விடமாட்டான், கடைசியாக ஒரு ஆங்கிலச் சொல்லால் அடிக்கப்போகிறான் என்று நானும் சண்டைக்குத் தயாராகத் திரும்பினேன்.

“மச்சான்” என்றான். “அது என்ட செருப்பு.”